ஐந்தாவது ஆள்

பஞ்சாட்சரம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் சொல்கிறது. அது பொய். அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் படியிறங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பொய்யால் ஒரு மனுஷனின் கட்டைவிரல் போயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். தப்பான விடையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக எனக்கு வராது.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்று, அவ்வளவுதான்.

பஞ்சாட்சரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக்காரர். நெசவாளி என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "நான் நெய்யிறவன் இல்ல டீச்சர், பிணைக்கிறவன்" என்பார். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு மூன்று சேலையோடு முடிந்துபோகும். முடிந்த பாவின் நுனிகள், சீப்பு மாதிரி இருக்கிற அச்சுக்குள்ளேயே நிற்கும். புதுப் பாவின் இழைகளை அந்தப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கினால்தான் அடுத்த சேலையைத் தொடங்க முடியும். நாலாயிரத்துக்கு மேல் இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரே ஒரு திருகு. முடிச்சே கிடையாது, ஆனால் இழுத்தாலும் விடாது. ஒரு இழை இடம் மாறினால் சேலை முழுக்கக் கோடு ஓடும். காலையில் தறிக்கு முன்னால் உட்கார்ந்தார் என்றால் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்திருப்பார். முப்பது வருஷமாக அந்த இரண்டு விரல்தான் அவர் வீட்டுக்குச் சோறு போட்டது.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. பாவு முடியப்போகிறது என்று எந்த வீடு முதலில் சொல்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் முதலில் போவார். யாருக்காவது அவசரம் என்றால், முகூர்த்தச் சேலை, நாள் நெருங்கிவிட்டது என்றால், "என்னாண்ட கேக்காதபா. உனக்கு முன்னாடி இருக்கிற வீட்டுல போய்க் கேளு. அவங்க சரின்னா எனக்கும் சரி" என்பார். அந்த வீடு விட்டுக்கொடுத்தால் இவர்கள் முந்திக்கொள்வார்கள். விட்டுக்கொடுத்தவர்களுக்கு அடுத்த முறை நிச்சயம். அவர்களைக் கடைசிக்குத் தள்ளுவது என்ற பேச்சே கிடையாது. ஒரு ஜவுளிக்கடை முதலாளி காரில் வந்து இரண்டு மடங்கு கூலி தருகிறேன் என்றாராம். அவரையும் முன்னால் இருந்த வீட்டுக்கே அனுப்பினார் பஞ்சாட்சரம். ஒரு நெசவாளி வீட்டுப் படியேறிக் கேட்க முதலாளிக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் பஞ்சாட்சரத்துக்குச் சிரிப்பு தாங்காது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் சின்ன காஞ்சிபுரம். அவர் இருக்கிற பக்கம் சேலை வாங்கப் போனதைத் தவிர எனக்குப் போக்குவரத்துக் கிடையாது. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது ஒரே வியாதி. மணிக்கட்டில் நரம்பு நசுங்கி, விரல் மரத்துப்போகிற வியாதி. எனக்குச் சாக்பீஸ் பிடித்து வந்தது, அவருக்கு இழை பிடித்து வந்தது என்று நாங்களாகவே சொல்லிக்கொண்டோம்.

எனக்கு விரல் மரத்துப்போனால் கோலம் கோணும், காபி டம்ளர் நழுவும். அவருக்கு அப்படியா? இழை விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம். ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல், கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருகியிருக்கிறார். ஒருநாள் ஒரு வீட்டில் பிணைத்துவிட்டு வந்த பாவு, தறியை ஓட்டியதும் கொத்தாக விட்டுக்கொண்டது. அந்த வீட்டார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர்தான் மறுநாள் போய்க் கூலி வாங்காமல் திரும்பவும் முழுசாகப் பிணைத்துக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி அவர் மனைவி கலாவதி அவர் விரலில் ஊசியால் குத்திப் பார்த்தாளாம். ரத்தம் வந்தது, வலி தெரியவில்லை. தறிக்கு விடுமுறை நாளான அமாவாசையன்று அவரைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டாள்.

டாக்டர் நல்லவர். கெட்டிக்காரர். அதை நான் மறைக்க மாட்டேன். கை அறுவைக்கென்றே படித்தவர். பஞ்சாட்சரத்தின் கட்டைவிரல் மேட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சின்ன ஆபரேஷன்தான். இருபது நிமிஷம். கையை மட்டும் மரக்க வெச்சு செஞ்சிடலாம். ஆனா மூணு மாசத்துக்குள்ள செய்யணும். அதுக்கு மேல போனா இந்தச் சதை சுருங்கிடும். அப்புறம் செஞ்சாலும் விரல் பழையபடி வராது" என்றார். புதன்கிழமை காலையில்தான் அவர் கை ஆபரேஷன் செய்வார். வாரத்துக்கு ஐந்து பேர். பஞ்சாட்சரத்துக்கு ஒன்பது வாரம் தள்ளி ஒரு புதன் கிடைத்தது. எனக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

"ஒம்பது வாரம்னா மூணு மாசத்துக்குள்ளதான?" என்று என்னிடம் கேட்டார். கணக்கு டீச்சர் அல்லவா. ஆமாம் என்றேன். அவருக்கு முகம் தெளிந்தது.

அந்த ஒன்பது வாரத்துக்குள்தான் கட்டணப் பிரிவு திறந்தார்கள். ரிப்பன் வெட்டி, மைக் வைத்து, கேசரி கொடுத்துத் திறந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியிலேயே, பணம் கட்டுகிறவர்களுக்கு, மாலையில் மூன்று மணியிலிருந்து சிறப்பு மருத்துவர் பார்ப்பார். நாள் நாமே தேர்ந்தெடுக்கலாம். காத்திருக்க வேண்டாம். தனியாரில் கேட்பதில் பாதிதான். இதில் அரசு மானியம் ஒரு பைசா கிடையாது, முழுச் செலவையும் நோயாளியே ஏற்கிறார், வருகிற பணத்தில் ஏழைகளுக்கு நல்ல கருவிகள் வாங்குவோம் என்று மைக்கில் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன், மரத்துப்போன கையால்.

அப்புறம் என் மகள் ஸிந்துஜா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "அம்மா, நீ எதுக்கு அந்தக் கூட்டத்துல போய் உக்காந்துண்டு கஷ்டப்படறே? நான் ஆன்லைன்ல கட்டிட்டேன். புதன்கிழமை ரெண்டு மணிக்குப் போய்டு" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

அந்தப் புதனும் பஞ்சாட்சரத்தின் புதனும் ஒன்றுதான்.

நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கியபோது, அவர் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் கட்டு இல்லை. பட்டினி கிடந்த முகம், ஆனால் சிரித்த முகம்.

"என்ன, ஆயிடுத்தா?" என்றேன்.

"இல்ல டீச்சர். வுட்டுக் குடுத்துட்டேன். நான் நாலாவது ஆளு. அஞ்சாவதா காவேரின்னு ஒரு பொண்ணு, தென்னேரிப் பக்கம். அடுப்புல கை வெந்து, விரல்லாம் ஒட்டிக்கினு இருக்குது. கைக்கொழந்தைய ஒரு கையால புடிச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்துச்சு. இன்னிக்கு நாலு பேருக்குத்தான் டைம், அஞ்சாவது ஆளு இல்லன்னு சொல்லிட்டாங்க. அது அழுவுது. நான் பாண்டியன்கிட்ட சொன்னேன், என்னுத அதுக்குக் குடுத்துடுப்பா, நான் அடுத்த வாரம் மொத ஆளா வரேன்னு. சரின்னு அதை உள்ள அனுப்பிட்டாரு."

பாண்டியன் என்பவர் அங்கே பெயர் பதிகிற எழுத்தர்.

"நல்ல மனசு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு நான் படியேறி உள்ளே போனேன். ஏன் நாலு பேரோடு நிறுத்தினார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஏசி அறை. நாற்காலிக்கு மெத்தை. ஒரு பெண் வந்து, "ரமாமணி மேடம், பிபி பாக்கலாமா?" என்றாள். மூன்று மணிக்கு உள்ளே போனேன். நாலு மணிக்கு வெளியே வந்தேன். இரண்டு மாதத்தில் என் கோலம் நேராகிவிட்டது.

பஞ்சாட்சரம் அடுத்த புதன் மொத ஆளாகப் போனார். பெயர் இல்லை என்றார்கள். தன் தெருச் சட்டத்தை அவர் ஆஸ்பத்திரிக்கும் பொதுவானது என்று நினைத்துவிட்டார். விட்டுக்கொடுத்தவனுக்கு அடுத்த முறை என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. அங்கே கம்ப்யூட்டரில் ஒரு பெயருக்கு எதிரே இரண்டே பொத்தான்தான். ஒன்று 'முடிந்தது'. இன்னொன்று 'வரவில்லை'. வந்து, பட்டினி கிடந்து, எட்டு மணி நேரம் உட்கார்ந்து, திருப்பி அனுப்பப்பட்டவனுக்குப் பொத்தானே கிடையாது. அதனால் அவர் வரவில்லை. வராதவர்கள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இன்னும் பதினோரு வாரம்.

"நான் இங்கதான இருந்தேன் பாண்டியா, நீ பாத்தியே" என்றாராம்.

"பாத்தேன்பா. எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியலயே" என்று பாண்டியன் கம்ப்யூட்டரைக் காட்டினாராம்.

இவர் திரும்பி வந்துவிட்டார். சண்டை போடவில்லை. எனக்கு ஒரு போன் செய்திருந்தால் நான் போட்டிருப்பேன். ஆனால் எதற்குச் செய்வார்? என்னை அவர் தன்னைப் போல ஒரு பெஞ்சுக்காரியாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நான்தான் பெஞ்சைவிட்டு எழுந்து போய்விட்டேனே.

நான் அவரை மறுபடி பார்த்தபோது அவருக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கைப் பயிற்சி அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் அடியில் மேடாக இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது. விரல் நுனியில் உணர்ச்சி கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆனால் கட்டைவிரல் மற்ற விரலைத் தொட வரவில்லை. பக்கவாட்டில் சும்மா கிடந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாது. இழையை எங்கே பிடிப்பது?

"டாக்டர் இன்னா சொன்னாரு தெரியுமா டீச்சர்? ஏன் லேட்டா வந்தீங்க, மொதல்ல குடுத்த தேதிக்கு ஏன் வரலன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னேள்?"

"இன்னா சொல்றது. அதுல அப்டித்தான எழுதியிருக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் பாண்டியனிடம் போனேன். அந்தப் புதன் ஏன் நாலு பேரோடு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் பயந்த மனுஷன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "மேடம், சாயங்காலம் கட்டணப் பிரிவு ஆரம்பிச்சதுலருந்து தியேட்டரை ரெண்டு மணிக்குக் காலி பண்ணிக் கழுவணும். அதனால காலையில நாலு பேர்தான் முடியும். ஆனா லிஸ்ட்டுல அஞ்சு பேர் போடணும்னு பழைய உத்தரவு இருக்கு. மாத்தச் சொல்லி எங்களுக்கு இன்னும் லெட்டர் வரல."

"அப்ப ஒவ்வொரு புதனும் ஒருத்தர் பட்டினியா வந்து திரும்பிப் போறாரா?"

"ஆமா மேடம்."

"அவாளுக்கெல்லாம் வரலைன்னு போடறேளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு இரண்டு மணிக்குக் கழுவித் துடைத்து வைத்த தியேட்டரில் மூன்று மணிக்குப் போய்ப் படுத்தவள் யார்? நான். அந்த ஐந்தாவது இடம் எனக்காகத்தான் காலியாயிற்று. காவேரிக்கு இடம் இருந்திருந்தால் பஞ்சாட்சரம் தன் முறையை விட்டிருக்கவே வேண்டாம். பணம் கட்டி அந்த மனுஷன் கையிலிருந்து என் கையை வாங்கி வந்திருக்கிறேன்.

மானியமே இல்லாத சிகிச்சையாம்! கட்டிடம் யாருடையது, டாக்டரைப் படிக்கவைத்த பணம் யாருடையது என்பதெல்லாம் இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? பெஞ்சில் பட்டினி கிடந்தவர்களிடமிருந்து எடுத்தார்கள். எனக்கு மானியம் கொடுத்தது பஞ்சாட்சரம்தான். அவர் கொடுத்ததற்கு ரசீது இல்லை, கைதட்டல் இல்லை, மைக்கில் யாரும் அவர் பெயரைச் சொல்லவும் இல்லை.

டாக்டரிடமே போய்க் கத்தினேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். "நீங்க கோபப்படறதுல நியாயம் இருக்கும்மா. ஆனா இந்த மாலை நேரப் பிரிவு இல்லன்னா நான் எப்பவோ தனியாருக்குப் போயிருப்பேன். அப்ப காலையில அந்த நாலு பேரும் இல்ல. உங்கள மாதிரி பத்து பேர் கட்டின பணத்துலதான் புது மைக்ராஸ்கோப் வாங்கினோம். அவருக்கும் அதுலதான் செஞ்சேன்."

"சரி டாக்டர். சாயங்காலம் வர்றவாளுக்குச் சாயங்காலம் செய்யுங்கோ. காலையில இருக்கிறவா நேரத்தை ஏன் எடுக்கறேள்? ஒரு மணி நேரம் கூட இருந்து அந்த அஞ்சாவது ஆளை முடிச்சா என்ன?"

"அதை நான் முடிவு பண்ண முடியாதும்மா. ஸ்டாஃப் இல்ல." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "அவருக்கு இன்னொரு வழி இருக்கு. முன்கையிலருந்து ஒரு தசைநாணை எடுத்துக் கட்டைவிரலுக்கு மாத்தலாம். விரல் திரும்பவும் எதிர்ப்பக்கம் வரும். இழை பிடிக்கலாம், முழுசா இல்லன்னாலும் முக்கால்வாசி. காலை லிஸ்ட்டுல இப்ப எட்டு மாசம் ஆகும். கட்டணப் பிரிவுல அடுத்த புதன்கிழமையே செய்யலாம்."

சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. அதற்காக அவரை மன்னிக்க நான் தயாராக இல்லை.

இரண்டு புகார் எழுதினேன். ஒன்று என் பெயரில். இன்னொன்று பஞ்சாட்சரம் பெயரில், அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டது. இரண்டையும் ஒரே நாள், ஒரே பெட்டியில் போட்டேன். எனக்கு ஐந்தாம் நாள் பதில் வந்தது. கட்டணப் பிரிவுப் பயனாளி என்பதால் என் புகாருக்கு முன்னுரிமை தரப்பட்டதாம், என் கருத்துக்கு நன்றியாம். முறை தப்பி நடக்கிறது என்று நான் கொடுத்த புகாரையே முறை தப்பி முதலில் எடுத்திருக்கிறார்கள்! பஞ்சாட்சரத்துக்கு ஒரு எண் மட்டும் வந்தது. அந்த எண் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு அந்த இடத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவள் நான்தான் என்பதையும் சொன்னேன். பஞ்சாட்சரம் என் கையைக் காட்டச் சொன்னார். கட்டைவிரல் மேட்டை அமுக்கிப் பார்த்தார். "நல்லா வந்திருக்குது டீச்சர்" என்றார். உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார்.

கலாவதிதான் விடவில்லை. "ஏம்மா, அன்னிக்குப் படியில இவரைப் பாத்தீங்களே. உங்களுக்கு அவசரம்னா இவராண்ட கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா குடுத்திருப்பாரு. இவருக்குக் குடுக்கத்தான் தெரியும். கேக்காம எடுத்துக்கினீங்க பாருங்க, அதான் எனக்கு வயிறு எரியுது" என்றாள். வகுப்பில் என்னை எதிர்த்துப் பேசிய பிள்ளைகள் நிறைய உண்டு. ஒருத்தியும் இப்படி நெஞ்சில் அடித்தது இல்லை.

பணம் நான் தருகிறேன், கட்டணப் பிரிவில் செய்துகொள்ளுங்கள் என்றேன். பஞ்சாட்சரம் தலையை ஆட்டினார். "எனக்குச் செய்யற அன்னிக்கு அஞ்சாவது ஆளு யாருன்னு தெரியாது டீச்சர். தெரியாம அவன் முறைய எப்டி எடுத்துக்கிறது?"

கலாவதி எழுந்துவிட்டாள். "முறை, முறை! அந்த விரலு இல்லாம நாளைக்கு யார் வூட்டுக்குப் போவ நீ? எட்டு மாசம் இன்னா பண்ணுவோம்?" அவருக்குத் தெரியாதா?

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிற மகள் இளவரசிதான் முடிவு எடுத்தாள். அப்பாவைக் கேட்கவே இல்லை. போனிலேயே பணத்தைக் கட்டிவிட்டு, "கட்டிட்டேன்பா. திருப்பித் தர மாட்டாங்களாம். என் மூணு மாச சம்பளம்பா அது" என்றாள். அந்தப் பெண் செய்ததில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கலாவதி எனக்குப் போன் செய்தாள். "டீச்சர், இவருக்கு மூணு மணிக்குத்தான். விடியறதுக்குள்ள எழுந்து போய் அந்த ஓசிப் பெஞ்சுல உக்காந்துக்கினாரு. வரமாட்டேங்கிறாரு. கொஞ்சம் வாங்களேன்."

ஏன் போனார் என்று எனக்கு உடனே புரிந்தது. ஐந்தாவது ஆளைத் தேடிப் போயிருக்கிறார். கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளப் போயிருக்கிறார்.

நான் போனபோது பத்து மணி. ஐந்தாவது ஆள் திருப்புட்குழிக்காரர், நமச்சிவாயம் என்று பெயர். ரைஸ்மில் பெல்ட்டில் கை மாட்டி இரண்டு விரல் மடங்காமல் நின்றுவிட்டது. பஞ்சாட்சரம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விஷயம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு உங்களுக்கு ஆகாது, நாலு பேரோடு நிறுத்திவிடுவார்கள், அந்த நேரத்தில் எனக்குச் செய்வார்கள், என் மகள் பணம் கட்டிவிட்டாள் என்று.

"அதான் உங்களாண்ட கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். நீங்க சரின்னா போறேன்."

நமச்சிவாயம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு ஆகாதா? யார் சொன்னா?"

"சொல்லுவாங்க. ஒரு மணிக்கு மேல சொல்லுவாங்க."

"நான் மூணாவது வாட்டி வரேன் அண்ணே. ரெண்டு வாட்டியும் இதே கததான்." அவர் குரல் ஏறியது. "இதுக்கு நான் சரின்னு வேற சொல்லணுமா? சொல்லமாட்டேன். என் முறைய நான் குடுக்க மாட்டேன்."

"சரிபா. சரி. உன்னுது உன்னுதுதான்" என்று பஞ்சாட்சரம் எழுந்துவிட்டார். அவர் சட்டப்படி விஷயம் அத்தோடு முடிந்தது. பாண்டியனிடம் போய், "என் பேரை எடுத்துடுப்பா. அந்த நேரத்துல நமச்சிவாயத்துக்குச் செய்யச் சொல்லு" என்றார்.

பாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்டி மாத்த முடியாதுபா. நீ எழுந்து போனாலும் அந்த இடம் அவருக்கு வராது. தியேட்டர் சும்மா கிடக்கும், இல்லன்னா வேற யாராவது பணம் கட்டினவங்க வருவாங்க. உன் பொண்ணு கட்டினது போச்சு. அவ்ளோதான்."

வாங்கவும் முடியாது, விடவும் முடியாது. முப்பது வருஷமாக ஊரில் இத்தனை தறிக்கு நடுவே ஒரு சண்டை இல்லாமல் முறையைக் காப்பாற்றிய மனுஷன் அந்தக் கவுண்டர் முன்னால் அப்படியே நின்றார். இத்தனை படித்தவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள், அதில் ஒரு ஏழை இன்னொரு ஏழைக்கு விட்டுக்கொடுக்கக்கூட வழி வைக்கவில்லை. கலாவதி அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

ஒன்றரை மணிக்கு நமச்சிவாயத்திடம் இன்றைக்கு இல்லை என்று சொன்னார்கள். அவர் கத்தினார். காவலாளி வந்தார். நமச்சிவாயம் எழுந்து வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். திருப்புட்குழி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

மூன்று மணிக்கு ஏசி அறையிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "பஞ்சாட்சரம் சார்!" என்று கூப்பிட்டாள். இத்தனை மாதமாக அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தவரை அங்கே ஒருவரும் சார் என்று அழைத்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். கலாவதியைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார்.

ஐந்து மணிக்குக் கையில் பெரிய கட்டோடு வந்தார். நன்றாக நடந்திருக்கிறது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்து, பயிற்சி கொடுத்தால், தீபாவளிக்கு முன்னால் பாவு பிணைக்கலாம் என்றார். கலாவதி அங்கேயே அழுதாள். அந்த விரல் திரும்பி வருகிறதே என்று எனக்கும் நெஞ்சு நிறைந்தது. அதைப் பொய் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நாங்கள் வாசலை நோக்கி நடந்தோம். நாலைந்து அடி வைத்ததும் பஞ்சாட்சரம் நின்றுவிட்டார். அங்கிருந்து வாசற்படி தெரியும். நமச்சிவாயம் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர்" என்றார் மெதுவாக. "வேற வழி இருக்குதா?"

"எதுக்கு?"

"இப்டி வேணாம். பின்பக்கமா போயிடலாம்."

பின்வாசல் பிணவறைப் பக்கம் இருக்கிறது, பாதை நன்றாக இருக்காது என்று கவுண்டரிலிருந்து பாண்டியன் சொன்னார். பரவாயில்லை என்றார் பஞ்சாட்சரம். கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டார். திருடின பொருளை மறைக்கிற மாதிரி மூடிக்கொண்டார். அவர் என்ன திருடினார்? வெட்கப்பட வேண்டியவர்கள் எல்லாம் காரில் ஏறி முன்வாசல் வழியாகத்தான் போகிறார்கள். அன்றைக்குப் புடவை மடிப்புக் கலையாமல் நானும் அந்த வழியாகத்தான் போனேன்.

நான் போனை எடுத்து, ஆட்டோவைப் பின்வாசலுக்கு வரச் சொன்னேன்.